எஸ்8 எண்ணுள்ள பிரெசிஷன் பேஸ்

வடபழனியில் ஃபெண்டர் கம்பெனியின் பழைய பிரெசிஷன் பேஸ் கிட்டார் விலைக்கு வந்திருக்கிறது, விற்பவர் 1974 மாடல் என்கிறார், கம்பி முறுக்கும் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக்கில் எஸ்8 என்று எண் தொடங்குகிறது, வால்யூமைத் திருகினால் கரகரக்கிறது, வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

முதலில் அந்த எண். ஃபெண்டர் சீரியல் எண்ணை ஹெட்ஸ்டாக்குக்குக் கொண்டுவந்ததே 1976இல்தான்; அதற்கு முன் பின்பக்கத் தகட்டில் இருக்கும். எஸ்8 என்றால் 1978ஐ ஒட்டியது. அவர் பொய் சொல்கிறார் என்றில்லை, கைமாறி வரும்போது இப்படி வயது கூடிவிடும். இல்லையென்றால் நெக்கை, அதாவது விரல் வைத்து வாசிக்கும் கழுத்துப் பகுதியை, மாற்றியிருக்க வேண்டும். எப்படியானாலும் 1974 விலை கொடுக்காதீர்கள்.

முன்பக்கத்து பிளாஸ்டிக் தகடான பிக்கார்டைக் கழற்ற விடுவாரா என்று கேளுங்கள். உள்ளே வால்யூம் பாட் (குமிழுக்கு அடியில் உள்ள மின்பாகம்) முதுகில் 1377812 மாதிரி ஓர் எண் இருக்கும்: 137 பாட் செய்த சிடிஎஸ் கம்பெனி, 78 வருடம், 12 வாரம். ஒயரைப் பற்றவைத்த சோல்டர் பளபளவென்று இருந்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள். கரகரப்பு பெரிய விஷயமில்லை. நம்ம ஊர் உப்புக்காற்றில் இது சகஜம், கான்டாக்ட் கிளீனர் அடித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

நெக்தான் கவலை. தடித்த ஈ கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் (நெக்கின் குறுக்கே உள்ள உலோகப் பட்டை) கடைசி ஃப்ரெட்டிலும் அழுத்திப் பிடித்து நடுவில் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே பாருங்கள். விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளி போதும். அதிகம் என்றால் நெக்கின் வளைவைச் சரிசெய்யும் உள்கம்பியான ட்ரஸ் ராடைத் திருக வேண்டும், இந்த மாடலில் அதற்கு நெக்கையே கழற்றணும். ராட் ஏற்கெனவே முழுக்க இறுகியிருந்தால் வாங்காமல் விட்டுவிடுங்கள்.

அப்புறம், தோளில் மாட்டிப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். அந்தக் காலத்து ஆஷ் மரம் சில சமயம் நல்ல கனம். பாட் எண்ணைப் படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.