சிறை வாசலுக்குப் போகும் முன் குற்ற எண்ணைத் தேடுங்கள்

பாலக்கோடு பக்கத்திலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். அவருடைய அக்கா மகனுக்கு 23 வயது. ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை, அங்கேயே அறை எடுத்துத் தங்கியிருந்தான். பைக் திருட்டு வழக்கு என்று சொல்லி நான்கு நாளுக்கு முன் போலீஸ் அழைத்துப் போனதாக, கூடத் தங்கியிருந்த பையன் போனில் சொல்லியிருக்கிறான். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. தர்மபுரி சிறைக்குப் போய்க் கேட்டால், "அந்தப் பேரில் இங்கே யாரும் இல்லை" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். "வெளிநாட்டில் பேரைத் தட்டினாலே எந்த ஜெயில் என்று கம்ப்யூட்டரில் வந்துவிடுமாமே, நமக்கு அப்படி ஒன்றும் இல்லையா சார்? எங்கே போய்க் கேட்பது?" என்பது அவர் கேள்வி.

அம்மா, அப்படிப் பேரை மட்டும் தட்டித் தேடுகிற பொதுப் பட்டியல் நம் மாநிலத்தில் இல்லை. சிறைப் பதிவுகள் 'இ-பிரிசன்ஸ்' என்ற மென்பொருளில் ஏறுகின்றன, ஆனால் அது அதிகாரிகளின் பயன்பாட்டுக்கு. பொதுமக்களுக்குத் திறந்திருப்பது 'இ-முலாகாத்' என்கிற சந்திப்புப் பதிவு. அதிலும் எந்தச் சிறை என்று நீங்கள்தான் முதலில் குறிப்பிட வேண்டும். ஆளைத் தேடித் தருகிற வேலையை அது செய்யாது.

அதனால் சிறை சிறையாக ஏறி இறங்காதீர்கள். தர்மபுரி கோர்ட்டில் கிரிமினல் வழக்குகள் நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இப்படி அலைந்து இரண்டு மூன்று நாள் கூலியையும் பஸ் காசையும் தொலைத்துவிட்டு வருகிற குடும்பங்களை வாரம் தவறாமல் பார்க்கிறேன். நீங்கள் பிடிக்க வேண்டியது ஒரு நம்பர். காவல் நிலையத்தில் எஃப்.ஐ.ஆர். (முதல் தகவல் அறிக்கை) போட்டதும் அதற்கு ஒரு குற்ற எண் விழும். நிலையத்தின் பெயர், குற்ற எண், ஆண்டு, இந்த மூன்றும் கையில் இருந்தால் மீதி எல்லாம் தானாக வரும்.

அந்த எண்ணை வாங்க உங்களுக்கு உரிமை இருக்கிறது, கெஞ்ச வேண்டியதில்லை. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா என்ற குற்ற நடைமுறைச் சட்டத்தின் 48-ஆம் பிரிவுப்படி, கைது செய்தவரை எங்கே வைத்திருக்கிறோம் என்று அவருடைய உறவினருக்கோ நண்பருக்கோ போலீஸ் உடனே சொல்ல வேண்டும். 37-ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஒவ்வொரு நிலையத்திலும் மாவட்டத் தலைமையிடத்திலும், கைதானவர்களின் பெயர், முகவரி, குற்றத்தின் தன்மை ஆகியவற்றைப் பராமரிக்க ஓர் அதிகாரி இருக்க வேண்டும், அந்த விவரம் பார்வைக்கும் வைக்கப்பட வேண்டும். அறை எந்த நிலைய எல்லையில் வருகிறது என்று கூடத் தங்கியிருந்த பையனிடம் கேட்டு அங்கே போங்கள். பதில் வராவிட்டால், ஓசூர் கிருஷ்ணகிரி மாவட்டம் என்பதால், கிருஷ்ணகிரி எஸ்.பி. அலுவலகத்தில் எழுத்தில் மனு கொடுத்து, கொடுத்ததற்கு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலான எஃப்.ஐ.ஆர்.களை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016-லேயே உத்தரவிட்டிருக்கிறது. விவரம் தெரிந்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் தமிழ்நாடு காவல் துறையின் இணையதளத்திலும் தேடச் சொல்லுங்கள்.

அப்புறம் கோர்ட். கைதானவரை 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும். அரசியல் சட்டத்தின் 22-ஆவது பிரிவு சொல்வது இது. ஞாயிற்றுக்கிழமை, இரவு என்றால் மாஜிஸ்திரேட் வீட்டிலேயே ரிமாண்ட், அதாவது காவலில் வைக்க உத்தரவிடுவது, நடக்கும். உங்கள் பையன் விஷயத்தில் நான்கு நாள் ஆகிவிட்டதால், முறையாகக் கைது செய்திருந்தால் ரிமாண்ட் முடிந்திருக்க வேண்டும். ரிமாண்ட் செய்யும்போது மாஜிஸ்திரேட் ஒரு வாரண்டில் கையெழுத்துப் போடுவார். அந்தத் தாளை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். ஒரே பக்கம், மேலே குற்ற எண், நடுவில் பெயர், தகப்பன் பெயர், வயது, கீழே அடுத்த வாய்தா தேதி. அது யாருக்கு எழுதப்பட்டிருக்கிறது தெரியுமா? இன்ன சிறையின் கண்காணிப்பாளருக்கு. நீங்கள் தேடுகிற பதில் அந்த ஒரு வரியில் இருக்கிறது. குற்ற எண்ணைச் சொன்னால் கோர்ட் அலுவலகத்தில் அந்த விவரத்தை உங்கள் வக்கீல் சில நிமிடங்களில் பார்த்துவிடுவார்.

ஓசூர் வழக்கில் தர்மபுரி சிறையில் ஆள் இல்லாதது ஆச்சரியம் இல்லை. கிளைச்சிறை, மாவட்டச் சிறை, மத்தியச் சிறை என்று நம் சிறைகளில் படிகள் உண்டு. பெண்களுக்குத் தனிச் சிறைகள். கிளைச்சிறையில் இருப்பவர்கள் அநேகமாக எல்லோரும் ரிமாண்ட் கைதிகள், அதாவது வழக்கு முடியாதவர்கள். நாடு முழுக்கவே சிறையில் இருப்போரில் நான்கில் மூன்று பேர் இப்படி விசாரணைக் கைதிகள்தான். நீண்ட தண்டனை பெற்றவர்களும் குண்டர் சட்டத்தில் வைக்கப்பட்டவர்களும் மத்தியச் சிறைக்குப் போவார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் அது பெரும்பாலும் சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கும் மத்தியச் சிறை. ரிமாண்ட் கைதியையும் இடநெருக்கடி, பாதுகாப்பு என்று காரணம் காட்டி அங்கே மாற்றுவது உண்டு. முதல் நாள் ஒரு சிறை, மூன்றாம் நாள் வேறு சிறை என்று ஆவது அதனால்தான். 18 வயது நிரம்பாத பிள்ளை என்றால் சிறைக்கே அனுப்பக் கூடாது. இளைஞர் நீதிக் குழுமம் முன் நிறுத்தி, தேவைப்பட்டால் கூர்நோக்கு இல்லத்தில் வைப்பார்கள், அந்த விவரங்கள் ரகசியம்.

பேர் குழப்பத்தையும் சொல்ல வேண்டும். நம் பக்கம் முருகன், சக்தி, மாதேஷ் என்று ஊருக்குப் பத்துப் பேர். வீட்டில் ஒரு பேர், ஆதாரில் ஒரு பேர், போலீஸ் எழுதியது வேறு பேர். சிறை வாசலில் கேட்கும்போது பேரோடு தகப்பன் பேர், ஊர், குற்ற எண், ரிமாண்ட் ஆன தேதி எல்லாம் சேர்த்துச் சொல்லுங்கள். உங்களை 'இல்லை' என்று அனுப்பியதற்கு இதுவே காரணமாகவும் இருக்கலாம்.

ஓசூர் என்பதால் இன்னொரு சந்தேகம் எனக்கு இருக்கிறது. வந்தது கர்நாடக போலீஸா என்று அந்தப் பையனிடம் மறக்காமல் கேளுங்கள். அத்திப்பள்ளி தாண்டினால் அவர்கள் எல்லை, திருட்டு நடந்தது பெங்களூரு பக்கம் என்றால் அங்கிருந்து வந்து பிடித்துப் போவது வழக்கம்தான். அப்படியானால் எஃப்.ஐ.ஆர்., கோர்ட், சிறை மூன்றுமே கர்நாடகத்தில் இருக்கும். பெங்களூரு மத்தியச் சிறை பரப்பன அக்ரஹாரத்தில் இருக்கிறது. நீங்கள் சேலத்தில் எத்தனை நாள் நின்றாலும் பயன் இருக்காது.

'இ-கோர்ட்ஸ்' இணையதளத்தில் மாவட்டத்தையும் கோர்ட்டையும் தேர்ந்தெடுத்து, எஃப்.ஐ.ஆர். எண்ணைக் கொண்டோ வழக்கில் சம்பந்தப்பட்டவர் பேரைக் கொண்டோ வழக்கைத் தேடலாம். ஜாமீன் மனு போட்டிருந்தால் தெரியும். குற்றப்பத்திரிகை வந்து வழக்கு கோப்புக்கு ஏறினால் சி.என்.ஆர். எண் என்கிற, அந்த வழக்குக்கே உரிய 16 இலக்க அடையாள எண் கிடைக்கும். அதை எழுதி வைத்துக்கொண்டால் ஒவ்வொரு வாய்தாவும் போனிலேயே தெரிந்துவிடும். பேரை வைத்துத் தேடும்போது எழுத்துக்கூட்டலை இரண்டு மூன்று விதமாக மாற்றிப் பாருங்கள்.

சிறை தெரிந்துவிட்டதா? சரி, இனி மனு. சிறையில் போய்ப் பார்ப்பதை நம் ஊரில் 'மனு பார்ப்பது' என்றுதான் சொல்வார்கள். சேலம் சிறை வாசலில் காலையிலேயே பாருங்கள், ஒரு கையில் ஆதார் ஜெராக்ஸ், இன்னொரு கையில் மாற்றுத் துணி வைத்த பை என்று அம்மாக்கள் நிற்பார்கள். அசல் அடையாள அட்டையும் உறவு முறையும் தெளிவாக இருக்க வேண்டும். எந்த நாள், எத்தனை மணிக்குள் பதிய வேண்டும் என்று அந்தச் சிறையில் முதலில் போனில் கேட்டுக்கொள்ளுங்கள். தின்பண்டம் சுமந்து போக வேண்டாம், உள்ளே விடமாட்டார்கள். கேன்டீனில் வாங்கிக்கொள்ள அவன் கணக்கில் முறைப்படி பணம் கட்டலாம், ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள். "சார்கிட்ட சொல்லி இன்னைக்கே வெளியே எடுக்கிறேன், கூகுள் பே பண்ணுங்க" என்று யாராவது போன் செய்தால் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். தவித்துக் கிடக்கிற குடும்பத்தைக் குறிவைத்தே அந்தப் போன்கள் வருகின்றன.

வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று எழுதியிருக்கிறீர்கள். காவலில் இருப்பவர் யாராக இருந்தாலும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் பெறலாம். 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. ஓசூர் வழக்கு என்றால் கிருஷ்ணகிரி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு. 15100 என்ற எண்ணிலும் கூப்பிடலாம். ஆள் எந்தச் சிறை என்று கண்டுபிடிக்கவும் அவர்களே உதவுவார்கள். ரிமாண்ட் ஆன தேதியை அவர்களிடம் கேட்டுக் குறித்து வையுங்கள். சாதாரணத் திருட்டு வழக்கில் 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் கேட்பது அவன் உரிமை. அந்த ஜாமீன் மனுவைக் குற்றப்பத்திரிகை வருவதற்கு முன் போட வேண்டும், ஜாமீன்தாரரும் தயாராக இருக்க வேண்டும்.

எஃப்.ஐ.ஆர். இல்லை, கோர்ட்டில் ரிமாண்ட் இல்லை, நாங்கள் பிடிக்கவே இல்லை என்று எல்லோரும் கையை விரித்தால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். ஆளைக் கோர்ட்டில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லிக் கேட்கிற ஆட்கொணர்வு மனுவைச் சென்னை உயர் நீதிமன்றத்தில் போட வேண்டிய கட்டம் அது. அதற்கு ஆதாரமாக, கூடத் தங்கியிருந்த பையன் பார்த்ததை, தேதி, நேரம், வந்த வண்டி எல்லாவற்றையும் இன்று இரவே ஒரு தாளில் எழுதி அவனிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள். நாள் ஆக ஆக அவனுக்கு மறந்துவிடும்.