பழைய தோஸ்தை ஷோரூமில் கொடுக்கவா, வெளியே விற்கவா?

கேள்வி: அண்ணாச்சி, களக்காட்டில் வாழைத்தார் வியாபாரம் செய்கிறேன். 2014 மாடல் தோஸ்த் லோடு வண்டி வைத்திருக்கிறேன். ஒரே கை, லோன் முடிந்து ரொம்ப நாளாயிற்று. இப்போது புது வண்டி எடுக்கப் போகிறேன். ஷோரூமில் எக்ஸ்சேஞ்ச் போனஸ் 20,000 சேர்த்து 2,25,000 தருகிறோம் என்கிறார்கள். திருக்குறுங்குடியில் ஒருவர், எஃப்சி (தகுதிச் சான்று) காட்டிக் கொடுத்தால் 2,70,000 தருகிறேன் என்கிறார். எஃப்சி அடுத்த மாதம் முடிகிறது. பட்டறையில் 18,000 ஆகும் என்கிறார்கள். வீட்டில், ‘அலைச்சல் வேண்டாம், ஷோரூமிலேயே தள்ளிவிடுங்க’ என்கிறாள். என்ன செய்யட்டும்?

பதில்: வெளியே விற்றுவிடுங்கள். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு, பின்னால் சொல்கிறேன். முதலில் கணக்கைப் பார்ப்போம்.

ஷோரூம்காரர் சொல்லும் 2,25,000 முழுவதையும் உங்கள் தோஸ்தின் விலை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இன்னொரு நாள் போய், பழைய வண்டி இருப்பதையே சொல்லாமல், புது வண்டிக்கு எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேளுங்கள். 15,000 குறைக்கிறோம் என்றார்கள் என்று வையுங்கள். எக்ஸ்சேஞ்சில் போனால் அந்த 15,000 உங்களுக்குக் கிடைக்காது. அப்படியென்றால் தோஸ்துக்கு அவர்கள் தருவது 2,10,000தான். திருக்குறுங்குடிக்காரர் சொன்ன தொகையில் எஃப்சி செலவு 18,000, தரகு கிரகு என்று ஒரு 5,000 கழித்தால் 2,47,000. வித்தியாசம் 37,000.

‘எக்ஸ்சேஞ்ச் போட்டால் புது வண்டிக்கு வரியும் குறையும்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஜிஎஸ்டி விதியிலேயே இதற்கு ஒரு செல்போன் உதாரணம் இருக்கிறது: பழைய போனைக் கொடுத்துவிட்டுப் புதுப் போனை 20,000-க்கு வாங்கினாலும், எக்ஸ்சேஞ்ச் இல்லாமல் வாங்கினால் அதன் விலை 24,000 என்றால், வரி 24,000-க்குத்தான். வண்டிக்கும் இதே கதைதான்.

37,000 ரூபாய்க்கு அலையலாமா என்றால், உங்கள் விஷயத்தில் அலையலாம். வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. நயினார்குளம் மார்க்கெட்டுக்குத் தார் ஏற்றிப் போய்க்கொண்டே ஆள் தேடலாம், ஒரு நாள் வாடகைகூட நஷ்டமில்லை. பட்டறையில் முடங்கிக் கிடக்கிற வண்டியாக இருந்தால் நானே எக்ஸ்சேஞ்ச் என்று சொல்லியிருப்பேன். புது வண்டிக்கு முன்பணம் கட்டவேண்டுமே என்று யோசிப்பீர்கள். லோன் சாங்ஷன் ஆனதும் வாங்குகிறவரிடம் அச்சாரம் வாங்கிக்கொண்டு, புது வண்டி டெலிவரி நாளை ஒட்டிப் பழசை ஒப்படைக்கிறேன் என்று பேசிவிடுங்கள்.

விலையில் ரொம்ப முறுக்காதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது. புதுசு விலை இறங்கினால் பழசும் கூடவே இறங்கும். வாங்க வருகிறவருக்கும் இது தெரியும்.

எஃப்சி விஷயம். எட்டு வயது தாண்டிய லோடு வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்சி காட்டியாக வேண்டும். வெளியே விற்பதானால் அந்தச் செலவைச் செய்யுங்கள். எஃப்சி கையில் இருந்தால் வாங்குகிறவர் மறுநாளே லோடு ஏற்றலாம், அதற்காகத்தான் அவர் கூடக் கொடுக்கிறார். ஷோரூமுக்குப் போவதானால் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள், திரும்பி வராது. இரண்டில் எதுவானாலும் என்ஜின் வேலை பார்க்கவே பார்க்காதீர்கள். புதுசாகப் பிரித்துப் பூட்டிய என்ஜினைக் கண்டால் வாங்குகிறவருக்குச் சந்தேகம்தான் வரும்.

விவரம் தெரிந்த ஆள் எப்படிப் பார்ப்பார் தெரியுமா? ஏழு மணிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஆறு மணிக்கே வந்து நிற்பார். சாவி கேட்பதற்கு முன்னால் என்ஜினில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். சூடாக இருந்தால், முன்னமே ஸ்டார்ட் பண்ணிச் சூடேற்றி வைத்திருக்கிறீர்கள், காலையில் மக்கர் செய்கிற வண்டி என்று முடிவு கட்டிவிடுவார். அப்புறம் வண்டி ஓடும்போதே ஆயில் மூடியைத் திறப்பார். குபுகுபுவென்று புகை வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். கடைசியில் ஒரு ஸ்குரூ டிரைவரோடு கீழே படுத்து, பாடி சேஸிஸில் உட்காரும் இடத்தையெல்லாம் குத்திப் பார்ப்பார். உவரி, கூத்தங்குழி பக்கம் மீன் லோடு அடித்த வண்டி என்றால் அந்த இடம் உப்புத் தண்ணீரில் ஊறிப் பொரிந்து உதிரும். உங்கள் பாடியில் வாழைக்கறைதான் இருக்கும். அதைத் தேய்த்துக் கழுவி மறைக்காதீர்கள். மீன் லோடு ஏறாத வண்டி என்பதற்கு அதைவிட நல்ல அத்தாட்சி கிடைக்காது.

இப்போது அந்த நிபந்தனை. பெயர் மாற்றம் உங்கள் கண் முன்னால் நடக்கவேண்டும்.

பல வருஷத்துக்கு முன்னால் என் பழைய வேனை ஒரு புரோக்கரிடம் விற்றேன். ‘பேர் மாத்துறதை நான் பாத்துக்கிடுதேன்’ என்றார். படிவங்களில் வெறுமனே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். மூன்று வருஷம் கழித்து விபத்து இழப்பீட்டு வழக்கில் நோட்டீஸ் வந்தது, எதிர்மனுதாரர் வரிசையில் என் பெயர். வேன் அதற்குள் இரண்டு கை மாறியிருந்தது, ஆர்சியில் மட்டும் நான் மாறவே இல்லை. இன்சூரன்ஸும் காலாவதி. அந்த வழக்குக்கு அலைந்த அலைச்சலில் வேன் விற்ற காசு கரைந்ததுதான் மிச்சம். வண்டி எத்தனை பேரிடம் கை மாறியிருந்தாலும், ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவரே பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் தெளிவாகச் சொல்லிவிட்டது.

அதனால் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டையும் முழுக்க நிரப்பிய பிறகே கையெழுத்துப் போடுங்கள். விற்ற 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்கவேண்டியது உங்கள் கடமை, வாங்கியவர் பார்த்துக்கொள்வார் என்று விடாதீர்கள். லோன் முடிந்தது என்கிறீர்கள், ஆர்சியில் ஹெச்பி (வண்டி பேரில் இருக்கும் கடன் பதிவு) கேன்சல் ஆகியிருக்கிறதா? நிறையப் பேர் கடைசித் தவணை கட்டியதோடு மறந்துவிடுகிறார்கள். ஃபைனான்ஸில் என்ஓசியும் (தடையில்லாச் சான்று) படிவம் 35-ம் வாங்கி அதை முதலில் முடியுங்கள். ஷோரூமில் விட்டாலும் இது தேவைப்படும். செங்கோட்டை தாண்டிக் கேரளாவுக்குப் போகிற ஆள் வாங்கினால் படிவம் 28, ஆர்டிஓ என்ஓசி என்று இன்னும் நாள் இழுக்கும். திருக்குறுங்குடி நமக்குப் பக்கம்தானே, அதுவே நல்லது.

பணத்தை வங்கி வழியாக வாங்குங்கள். 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே வருமான வரித் துறை அபராதம் போடலாம். வண்டி கை மாறுகிற அன்றே ஃபாஸ்டேகை மூடிவிடுங்கள். இல்லையென்றால் அவர் நாங்குநேரி டோலைத் தாண்டும்போதெல்லாம் உங்கள் போனில் மெசேஜ் வரும், காசும் உங்களுடையதுதான் போகும்.

திருக்குறுங்குடிக்காரர் பெயர் மாற்றத்துக்கு இழுத்தடித்தால், 37,000-ஐ மறந்துவிட்டு ஷோரூமுக்கே போங்கள். அங்கேயும் ஒன்று கேளுங்கள். 2023 ஏப்ரல் 1 முதல், பழைய வண்டி வாங்கி விற்பவர்களுக்கு ஆர்டிஓ அங்கீகாரம் உண்டு. அங்கீகாரம் பெற்றவரிடம் வண்டியை ஒப்படைத்துப் படிவம் 29சி பதிவானால், அதற்குப் பிறகு நடப்பதற்கு அவரே பொறுப்பு. ‘அந்த அங்கீகாரம் இருக்கா?’ என்று கேட்டுப் பாருங்கள், ஷோரூமின் லட்சணம் தெரிந்துவிடும்.

கேள்வி: தென்காசியில் மொத்தப் பலசரக்குக் கடை, ஜிஎஸ்டி பதிவு உண்டு. 2012-ல் கடைப் பெயரில் வாங்கிய டாடா 407 லோடு வண்டியை விற்கிறேன். இதற்கு ஜிஎஸ்டி கட்டவேண்டுமா?

பதில்: வேண்டும், ஆனால் முழு விலைக்கும் இல்லை. 2025 ஜனவரி 16 முதல் விகிதம் 18 சதவீதம். தேய்மானம் கழித்து வந்தீர்கள் என்றால், விற்ற விலையில் கணக்குப் புத்தகத்தில் மிச்சமிருக்கும் மதிப்பைக் கழித்து, மீதிக்கு மட்டும் வரி. 3,50,000-க்கு விற்று, புத்தகத்தில் 90,000 நின்றால், 2,60,000-க்கு 18 சதவீதம், அதாவது 46,800. வாங்கும்போது கட்டிய வரியை உள்ளீட்டு வரி என்று கழித்து எடுத்திருந்தால் இந்தச் சலுகை கிடையாது, அதை ஆடிட்டரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். களக்காட்டுக்காரர் மாதிரி நீங்களும் எக்ஸ்சேஞ்ச் யோசித்தால், ஷோரூமில் விடுவதும் விற்பனைதான். அதற்கும் பில் போடவேண்டும்.