யார் சொன்னால் எடுபடுகிறது? – கேள்வி பதில்

சமூக ஊடகத்தில் அரசியல் செல்வாக்கை எப்படி அளப்பது என்று கேட்டு வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் சேர்த்துவிட்டேன்.

அக்கா, எங்கள் தொகுதியில் ஒருவருக்கு 2 லட்சம் ஃபாலோயர். இன்னொருவருக்கு 30 ஆயிரம்கூடத் தேறாது. ஆனால் ஊரில் பேச்சாவது இரண்டாமவர் போடுவதுதான். எப்படி?

ஃபாலோயர் எண்ணிக்கை என்பது என்றைக்கோ ஒருநாள் ஒரு பட்டனை அழுத்தியவர்களின் கணக்கு. அவர் இன்றும் அந்தப் பக்கம் வருகிறாரா, வந்தாலும் படிக்கிறாரா என்பது அதில் தெரியாது. 2010-இல் மீயங் சா என்ற ஆய்வாளரும் அவரது குழுவும் 5 கோடிக்கு மேற்பட்ட ட்விட்டர் கணக்குகளை வைத்து மூன்று பட்டியல் போட்டார்கள்: யாருக்கு ஃபாலோயர் அதிகம், யார் பதிவு அதிகம் ரீட்வீட் ஆகிறது, யார் பெயர் அதிகம் அடிபடுகிறது. மூன்றிலும் முன்வரிசையில் இருந்தவர்கள் பெரும்பாலும் வேறுவேறு ஆட்கள்.

இன்னொன்று. 2018 ஜூலையில், முடக்கி வைத்திருந்த கணக்குகளை ட்விட்டர் ஃபாலோயர் எண்ணிக்கையிலிருந்து கழித்தது. ஒபாமாவுக்கு மட்டும் 20 லட்சத்துக்கு மேல் போனது. அதனால் அவர் பேச்சுக்கு இருந்த மரியாதை ஒரு துளியாவது குறைந்ததா என்ன?

சரி, ஃபாலோயரை விட்டுவிடுகிறோம். வேறு எதைப் பார்க்க?

யார் பகிர்கிறார்கள் என்று பாருங்கள். எத்தனை பேர் என்பது அப்புறம். ஒரு தலைவர் எக்ஸ் தளத்தில் (முன்பு ட்விட்டர்) போட்ட கடைசிப் பத்துப் பதிவுகளை எடுத்து, ஒவ்வொன்றையும் ரீபோஸ்ட் செய்தவர்களின் பட்டியலைத் திறந்து, பெயர்களை ஒரு எக்ஸெல் ஷீட்டில் போடுங்கள். பத்தில் எட்டுப் பதிவுகளிலும் வருகிற பெயர்கள் எத்தனை? பதிவுக்கு 400 ரீபோஸ்ட் என்று வைத்துக்கொள்வோம். அதில் 350 எப்போதும் அதே ஆட்கள்தான் என்றால், மாலை போட வந்த கூட்டத்தையே நீங்கள் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள்.

மீதி 50 பேரைத்தான் நான் உட்கார்ந்து பார்ப்பேன். அதில் ஒரு நிருபர் இருக்கிறாரா, ஒரு விவசாயச் சங்கத்துக்காரர் இருக்கிறாரா, கட்சி சார்பே இல்லாமல் சமையல் வீடியோ போடுகிற ஒருவர் இருக்கிறாரா? அவர்கள் வழியாகத்தான் விஷயம் வட்டத்தைத் தாண்டுகிறது. நேரத்தையும் கவனியுங்கள். முதல் பத்து நிமிடத்தில் குவிந்து அடங்கிவிட்டால் குரூப்பில் லிங்க் போட்டிருக்கிறார்கள் என்று நினைக்க இடமுண்டு. இரண்டு நாள் கழித்தும் புதுப் பெயர்கள் வந்துகொண்டிருந்தால் அது தானாக நகர்கிறது. (லைக் போட்டவர்களின் பட்டியலை இப்படிப் பார்க்க வழியில்லை. 2024 ஜூனில் எக்ஸ் அதை மறைத்துவிட்டது.)

திட்டித் தீர்க்கிறவர்களையும் செல்வாக்குக் கணக்கில் சேர்க்கலாமா மேடம்?

சேர்க்கலாம், தனி நெடுவரிசையில். 2010 அமெரிக்க இடைக்காலத் தேர்தல் சமயத்து ட்வீட்களை ஆராய்ந்த மைக்கேல் கானவர் குழு கண்டது இதுதான்: ரீட்வீட் வலை இடது வலது என்று இரண்டாகப் பிளந்து கிடந்தது. ஒருவர் பெயரை ஒருவர் குறிப்பிடுகிற வலையில் இரு தரப்பும் கலந்து கிடந்தன. அதாவது ரீட்வீட் பெரும்பாலும் நம் ஆட்களுக்குள் நடப்பது, சண்டை அடுத்த வீட்டுக்காரரோடு நடப்பது. தொண்டர் பலம் தெரிய வேண்டுமா, முதலாவதைப் பாருங்கள். எதிரியின் நேரத்தை யார் தின்கிறார் என்று தெரிய வேண்டுமா, இரண்டாவதைப் பாருங்கள்.

கட்சிப் பெயர் எத்தனை தடவை அடிபடுகிறது என்று எண்ணினால் தேர்தல் முடிவைச் சொல்லிவிடலாம் என்கிறார்களே?

2009 ஜெர்மனி தேர்தலை வைத்து அப்படி ஒரு ஆய்வு வந்தது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆன்ட்ராநிக் டுமாஸ்யான் குழு சுமார் ஒரு லட்சம் ட்வீட்களை எடுத்து, நாடாளுமன்றத்தில் இருந்த ஆறு கட்சிகளின் பெயர்கள் எந்த விகிதத்தில் வருகின்றன என்று பார்த்தது. வாக்கு விகிதத்தோடு ஏறக்குறைய ஒத்துப்போனது. பிறகு ஆன்ட்ரியாஸ் யுங்ஹெர் என்பவரும் இரு சகாக்களும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள்: பைரேட் கட்சியை ஏன் விட்டீர்கள்? அதையும் சேர்த்து எண்ணினால் முதலிடம் அதற்குத்தான். வாக்குப்பெட்டியில் கிடைத்தது 2 சதவீதம்.

இணையச் சுதந்திரம் பேசிய கட்சி, இணையத்திலேயே வாழ்கிற இளைஞர்கள். பேசுகிறவர் வேறு, வரிசையில் நின்று ஓட்டுப் போடுகிறவர் வேறு. என்னிடம் யாராவது 'மென்ஷன்' கிராஃபைக் காட்டித் தேர்தல் ஜோசியம் சொன்னால், எந்தக் கட்சியைப் பட்டியலில் விட்டீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன்.

அப்படியானால் ஒரு பதிவால் ஒரு ஓட்டாவது விழுமா?

விழும், ஆய்வாளர்கள் நிரூபித்திருக்கிறார்கள். 2010 நவம்பர் 2, அமெரிக்க நாடாளுமன்றத் தேர்தல் நாள். ஃபேஸ்புக்கில் அன்று நுழைந்த 6 கோடியே 10 லட்சம் பேரை மூன்றாகப் பிரித்தார்கள். பெரும்பாலோருக்கு 'இன்று தேர்தல்' என்ற செய்தி, 'நான் ஓட்டுப் போட்டேன்' பட்டன், அதை ஏற்கெனவே அழுத்திய நண்பர்களின் முகங்கள். ஒரு சிறு பகுதிக்கு அதே செய்தி, முகங்கள் கிடையாது. இன்னொரு சிறு பகுதிக்கு எதுவுமே இல்லை. பிறகு அரசின் வாக்களித்தோர் பதிவேட்டோடு ஒப்பிட்டார்கள்.

முகங்களைப் பார்த்தவர்கள் மற்றவர்களைவிட 0.39 சதவீதம் அதிகமாக ஓட்டுப் போட்டிருந்தார்கள். முகம் இல்லாத செய்தியால் ஒன்றும் நடக்கவில்லை. 0.39 சின்ன எண்தான். ஆனால் நேரடியாக விழுந்த கூடுதல் ஓட்டு சுமார் 60,000, நண்பர்கள் வழியாகப் பரவி விழுந்தது 2,80,000 என்று கணக்கிட்டார்கள். அதுவும் நெருங்கிய நண்பர்கள் வழியாகத்தான். எதுவும் காட்டப்படாத அந்தச் சிறு பகுதி இருந்ததால்தான் இந்த எண்ணை நான் நம்புகிறேன். ஒப்பிட ஆள் இல்லாமல் 'எங்கள் கேம்பெயினால் ஓட்டு ஏறியது' என்று சொல்கிறவரிடம் ரசீது கேளுங்கள்.

ஐடி விங்கில் இருக்கிறேன். டிரெண்டிங் வந்தால் தலைமை பாராட்டுகிறது. அதற்கு மதிப்பே இல்லையா?

தம்பி, டிரெண்டிங் பட்டியல் மொத்த எண்ணிக்கையைவிடத் திடீர் வேகத்துக்குத்தான் இடம் கொடுக்கும். அதனால்தான் உங்களுக்கு 'மாலை 6 மணிக்கு எல்லோரும் போடுங்கள்' என்று வருகிறது. மறுநாளைப் பாருங்கள். எதிர்த்தரப்பு பதில் சொல்ல வேண்டி வந்ததா? டிவி விவாதத்தில் உங்கள் சொல்லையே நெறியாளர் பயன்படுத்தினாரா? யார் முதலில் பேசினார், யார் பின்னால் வந்தார் என்ற வரிசைதான் முக்கியம். பாப்லோ பார்பெரா குழு 2013–14 அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்களின் ட்வீட்களை இப்படிப் பார்த்தபோது, உறுப்பினர்கள் மக்களை இழுத்ததைவிட மக்கள் பேச்சின் பின்னால் போனதுதான் அதிகம். அதிலும் சொந்த ஆதரவாளர்களின் பேச்சுக்குப் பின்னால்!

வாட்ஸ்அப்பை என்ன செய்வது?

வெளியிலிருந்து எண்ண முடியாது. ஆனால் தடயம் கிடைக்கும். ஐந்து கை மாறி வந்த செய்திக்கு இரட்டை அம்புக்குறி விழும். 2020 ஏப்ரலிலிருந்து அப்படிப்பட்டதை ஒரு நேரத்தில் ஒரு சாட்டுக்குத்தான் அனுப்ப முடியும். எழுத்துப்பிழையும் உதவும். சம்பந்தமே இல்லாத குடும்பக் குரூப், அபார்ட்மென்ட் குரூப், பள்ளித் தோழர் குரூப் மூன்றிலும் அதே பிழையோடு அதே பத்தி வந்தால், யாரோ ஒருவர் எழுதியது அத்தனை தூரம் போயிருக்கிறது. எழுதியவர் பெயர் மட்டும் எங்குமே இருக்காது.

கல்லூரி புராஜெக்டுக்கு ஏதாவது ஸ்கோர் தரும் டூல் சொல்லுங்கள் அக்கா.

ஒற்றை ஸ்கோர் ஆசை வேண்டாம். கிளவுட் (Klout) என்று ஓர் இணையதளம் ஒவ்வொருவரின் சமூக ஊடகச் செல்வாக்குக்கும் 100-க்கு மார்க் போட்டுக்கொண்டிருந்தது. ஒரு காலத்தில் பாடகர் ஜஸ்டின் பீபருக்கு 100, பதவியில் இருந்த அதிபர் ஒபாமாவுக்கு அதைவிடக் குறைவு. 2018 மே மாதம் மூடிவிட்டார்கள். ட்வீட்களை மொத்தமாக எடுக்க உதவிய ட்விட்டரின் இலவச ஏபிஐ 2023-இல் போனது, ஃபேஸ்புக் பதிவுகள் எவ்வளவு பரவின என்று காட்டிய மெட்டாவின் கிரவுட்டாங்கிள் 2024 ஆகஸ்டில் போனது. யூடியூப் கமென்ட்களை இன்னும் எடுக்கலாம். ஒரே ஒரு எம்எல்ஏ, ஒரே ஒரு உள்ளூர்ப் பிரச்சினை என்று சுருக்கிக்கொள். அவர் அதைப் பேசுவதற்கு முன் ஒரு வாரம், பேசிய பின் இரண்டு வாரம், அவருக்குச் சம்பந்தமில்லாத உள்ளூர் சேனல்களின் கமென்ட்களில் அந்தப் பேச்சு கூடியதா என்று பார். அவர் வாயே திறக்காத பக்கத்துத் தொகுதியையும் மறக்காமல் எடுத்துக்கொள். அங்கேயும் அதே அளவு கூடியிருந்தால் அது அவரால் வந்ததல்ல, பட்டியலிலிருந்து அவர் பெயரை அடித்துவிடு.