நாடா கட்டிய குர்தாவுக்கு மெமோ: வேலை போகுமா?

கேள்வி: சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தில் எட்டு மாதமாக வேலை பார்க்கிறேன். மொத்தம் அறுபது பேர். முன்பக்கம் ஒரு பாதியின் மேல் இன்னொரு பாதி மடிந்து, பக்கவாட்டில் நாடா கட்டும் பருத்தி உடை ஒன்றை லெகிங்ஸோடு அணிந்து போனேன். 'நைட்டி போன்ற உடை' என்று ஹெச்.ஆர். மெமோ கொடுத்துவிட்டார். மூன்று நாளில் விளக்கம் தரவேண்டும். மேலாளரோ எல்லார் முன்னாலும், "நாடாவை இழுத்தா அவுந்துடும் போலிருக்கே" என்றார். அலுவலகக் கையேட்டில் பெண்களுக்கு 'புடவை, சல்வார், குர்தா, பேன்ட்-சட்டை' என்று இருக்கிறது. இது என்ன உடை? அலுவலகத்துக்கு ஏற்றதா? இதற்காக வேலையை விட்டு நீக்க முடியுமா? படம் இணைத்திருக்கிறேன்.

பதில்: நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடது அக்குளுக்குக் கீழே துணி நாடா, மேல்மடிப்புக்கு உள்ளே இன்னொரு சின்ன முடிச்சு. இதன் பெயர் அங்கரக்கா. ராஜஸ்தான், குஜராத் பக்கம் ஆண்கள் அணிந்துவந்த பழைய மேலாடை. 'உடலைக் காப்பது' என்ற பொருள்தரும் சமஸ்கிருதச் சொல்லிலிருந்து வந்த பெயர். இப்போது பெண்களுக்கான குர்தாவிலும் இந்த வெட்டு பரவலாக வருகிறது.

பெயரைக் கண்டுபிடித்ததில் பாதி வேலை முடிந்தது. கையேடு குர்தாவை அனுமதிக்கிறது. அங்கரக்கா குர்தாவில் ஒரு வகை. அப்படியானால் நீங்கள் எந்த விதியை மீறினீர்கள் என்று மெமோதான் சொல்லவேண்டும்.

உடைக்கட்டுப்பாடு விதிக்க நிறுவனத்துக்கு உரிமை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அது முன்கூட்டியே எழுத்தில் இருக்கவேண்டும், எல்லாருக்கும் ஒன்றுபோல் பொருந்தவேண்டும். எங்கள் தொழிலையே பாருங்கள். பெண் வழக்கறிஞரின் புடவை பிரின்ட் இல்லாமல் வெள்ளை, கறுப்பு அல்லது அடக்கமான நிறத்தில் இருக்கவேண்டும் என்று வழக்கறிஞர்களை நெறிப்படுத்தும் பார் கவுன்சிலின் விதியே எழுதிவைத்திருக்கிறது. படித்துப் பார்த்து உடுத்திக்கொள்ளலாம். 'எனக்கு நைட்டி மாதிரி தெரிகிறது' என்பது விதி ஆகாது.

பலர் பதில் கடிதத்தை அரசியல் சாசனத்தில் தொடங்குவார்கள். உடையும் கருத்து வெளிப்பாட்டில் அடங்கும் என்று 2014-இல் நால்சா வழக்கில் (திருநங்கையர் உள்ளிட்டோரின் உரிமை பற்றிய வழக்கு) உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. ஆனால் அந்த உரிமையை முதன்மையாக அரசுக்கு எதிராகத்தான் கேட்க முடியும். தனியார் நிறுவனத்தின் மெமோவுக்கு அது நேரடி மருந்தல்ல. வேட்டிக்காகத் தமிழ்நாடு 2014-இல் கொண்டுவந்த சட்டமும் கிளப் போன்ற இடங்களுக்குள் வேட்டியோடு நுழைவதைப் பற்றியது. இரண்டையும் விட்டுவிடுங்கள்.

விளக்கக் கடிதம் சுருக்கமாக இருக்கட்டும். தேதி, அன்று அணிந்த உடையின் பெயர், கையேட்டின் அந்த வரி, இணைப்பாகப் படம். 'விதி எதையும் மீறவில்லை. மீறியதாகக் கருதினால் எந்த விதி என்று எழுத்தில் தெரிவிக்கவும்' என்று முடியுங்கள். மன்னிப்புக் கேட்காதீர்கள், அது பின்னால் ஒப்புதலாகப் படிக்கப்படும். மின்னஞ்சலில் அனுப்பி, ஒரு பிரதியை உங்கள் சொந்த முகவரிக்கும் போட்டுவையுங்கள்.

வேலைநீக்கத்துக்கு வருவோம். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-இன் 41-ஆம் பிரிவுப்படி, தொடர்ந்து ஆறு மாதம் வேலை செய்தவரை நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீஸும் (அல்லது அதற்கான சம்பளமும்) இல்லாமல் நீக்க முடியாது. ஒழுங்கீனம் என்று சொல்லி நோட்டீஸைத் தவிர்த்தால், விசாரணை நடத்தி நிரூபிக்கவேண்டும். உங்களுக்கு எட்டு மாதம் ஆகிவிட்டது. நீக்கினால் அதே பிரிவில் மேல்முறையீடு உண்டு.

என்னை அதிகம் உறுத்துவது மேலாளரின் பேச்சு. அதைச் சிரித்துக் கடக்கவேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை. பணியிடத்தில் பாலியல் சாயல் கொண்ட பேச்சு, 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாலியல் துன்புறுத்தல். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் அலுவலகத்தில் உள் புகார்க் குழு கட்டாயம்; உங்கள் அலுவலகத்தில் அறுபது பேர். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் அந்தக் குழுவிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். மேலாளர் சொன்ன வார்த்தைகளை அப்படியே, அருகில் இருந்தவர்களின் பெயரோடு இன்றைக்கே எழுதிவையுங்கள். மெமோவுக்கான விளக்கத்தோடு இதைக் கலக்காதீர்கள், இரண்டும் தனித்தனிக் கடிதங்கள்.

அலுவலகத்துக்கு ஏற்ற உடையா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மடிப்பு அகலமாக, உள்முடிச்சோடு, ஒரே நிறப் பருத்தியில் இருக்கும் உங்கள் அங்கரக்கா தாராளமாக ஏற்றது. மெல்லிய துணியில், கண்ணாடி வேலையும் குஞ்சமும் தொங்கும் வகையை மட்டும் விசேஷங்களுக்கு வைத்துக்கொள்ளலாம்.