எந்த ஐ7 என்று கேட்டீர்களா?

வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்ய முதல் கம்ப்யூட்டரைத் தாங்களே அசெம்பிள் செய்வோரின் கடிதங்கள் குவிந்துவிட்டன. இந்த முறை அவை மட்டும். சுருக்கியிருக்கிறேன். நான்கு பக்கம் எழுதிவிட்டு மதர்போர்டின் பெயரை மட்டும் விட்டுவிடுகிறவர்கள் இனி கொஞ்சம் கவனிக்கவும்.

ரைசன் 5 7600 பிராசஸர், பி550 மதர்போர்டு இரண்டும் தள்ளுபடியில் கிடைத்தன. டிடிஆர்4 ரேம் நண்பர் தருகிறார். பயாஸ் அப்டேட் செய்தால் ஓடுமா? (மதுரை)

ஓடாது. பிராசஸர் உட்காரும் இடம்தான் சாக்கெட். 7600 ஏஎம்5 சாக்கெட்டுக்கானது, பி550 போர்டில் இருப்பது ஏஎம்4. அந்தப் போர்டில் இருப்பது 1331 துளைகள். உங்கள் பிராசஸரின் அடியிலோ துளைக்குள் இறங்கக் கம்பியே கிடையாது. பயாஸ் என்பது போர்டில் பதிந்திருக்கும் ஆரம்ப மென்பொருள், அதை அப்டேட் செய்தால் கம்பி முளைக்காது. ஏஎம்5 டிடிஆர்5 ரேமை மட்டுமே ஏற்கும், எனவே நண்பரின் ரேம் நண்பரிடமே இருக்கட்டும். போர்டின் பெட்டியைப் பிரிக்காமல் இன்றைக்கே ரிட்டர்ன் போடுங்கள்.

ஐ5 12400எஃப் போட்டேன். ஃபேன் சுற்றுகிறது, மானிட்டரில் படம் இல்லை. போர்டில் எச்டிஎம்ஐ இருக்கிறதே? (கோவை)

‘எஃப்’ என்றால் பிராசஸருக்குள் கிராஃபிக்ஸ் இல்லை. போர்டில் உள்ள எச்டிஎம்ஐ அதை நம்பித்தான் இருக்கிறது. ஃபேன் இல்லாத சின்ன கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று பழசாகவே வாங்கிச் செருகுங்கள். மைக்கில் சத்தமும் ஏறாது.

கேபினெட் வாங்கினால் 450 வாட் எஸ்எம்பிஎஸ் இலவசம் என்கிறார் கடைக்காரர். மியூசிக் கம்ப்யூட்டருக்கு அது போதாதா? (சேலம்)

இந்தக் கேள்வி வந்தாலே எனக்கு ரத்தம் கொதிக்கும். எஸ்எம்பிஎஸ் என்பது கம்ப்யூட்டர் முழுவதற்கும் மின்சாரம் தரும் பெட்டி. அந்த இலவச எஸ்எம்பிஎஸ்ஸைக் கையில் தூக்கிப் பாருங்கள், தேங்காய் மூடி கனம்கூட இருக்காது. பக்கவாட்டு ஸ்டிக்கரில் பெரிதாக 450 என்று போட்டிருப்பார்கள். அதை விடுங்கள். பொடி எழுத்துக் கட்டத்தில் ‘+12வி’ என்ற வரிக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 18 என்றிருந்தால் 12 பெருக்கல் 18, வெறும் 216 வாட். பிராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் சாப்பிடுவது அந்த வரியிலிருந்துதான். ஒழுங்கான 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் அங்கே 36, 37 ஆம்பியர் இருக்கும். ‘80 பிளஸ்’ முத்திரை இருந்தால் நல்லதுதான், ஆனால் அது மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதைத்தான் சொல்லும். ஆயுளுக்கு அது உத்தரவாதமல்ல.

இதில் நானும் யோக்கியன் இல்லை. கேபிள் கழற்றி மாட்டும் மாடல் ஒன்று வாங்கியபோது, பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிளை கேபினெட்டிலிருந்து உருவச் சோம்பல்பட்டு அதையே புதியதில் செருகினேன். கச்சிதமாகப் பொருந்தியது. ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி அந்த முனையில் கம்பிகளின் வரிசை வேறு. ஐந்து வோல்ட் போக வேண்டிய இடத்தில் பன்னிரண்டு போனது. ஹார்ட் டிஸ்க் கருகிய வாசனையோடு இரண்டு வருடப் பதிவுகளும் போயின.

இன்னொன்று. கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்கிறதா? கிட்டாரைச் செருகினால் ஹெட்போனில் உம்ம்ம் என்று கேட்கிறதா? அனேகமாக உங்கள் பிளக்பாயின்ட்டில் எர்த் வரவில்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபில்டர் கசியவிடும் சிறு மின்சாரம் எர்த் வழியாகத்தான் இறங்க வேண்டும். வழியில்லாவிட்டால் கேபினெட்டிலேயே நின்று, ஒயர் வழியாகப் பதிவில் ஏறும். மூன்று துளை இருப்பதாலேயே எர்த் இருக்கிறது என்று நம்பாதீர்கள், எலக்ட்ரீஷியனை அழைத்து டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள்.

டைப்-சி இருக்கிறதே என்று தண்டர்போல்ட் ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கினேன். கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவே இல்லை. (புதுச்சேரி)

ஆடியோ இன்டர்ஃபேஸ் என்பது மைக்கையும் கிட்டாரையும் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி. டைப்-சி என்பது துளையின் வடிவம் மட்டுமே, தண்டர்போல்ட் அதன் வழியே ஓடும் தனி இணைப்பு முறை. தண்டர்போல்ட் இருந்தால் போர்டின் மேனுவலில் அந்தப் பெயரே இருக்கும். மேனுவலைப் பார்த்தீர்களா?

பாடும்போது என் குரல் ஹெட்போனில் தாமதமாக வருகிறது. ஐ9க்கு மாறியும் அப்படியேதான். (சென்னை)

மைக்கை எங்கே செருகியிருக்கிறீர்கள் என்று கடிதத்தில் இல்லை. மதர்போர்டின் பிங்க் துளையில் என்று ஊகிக்கிறேன். பிராசஸருக்குக் கொட்டிய காசில் சிறு பங்கு போதும், தாமதத்தைக் குறைக்கும் சொந்த ஏஎஸ்ஐஓ டிரைவரோடு வரும் யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கியிருக்கலாம். 48 கிலோஹெர்ட்ஸில் பஃபரை, அதாவது ஒரு தடவைக்குச் சேர்த்து அனுப்பும் ஒலித் துணுக்குகளின் எண்ணிக்கையை, 128 வைத்தால் ஒரு வழிக்கு 2.7 மில்லிசெகண்ட். போக, வர, இடையில் சில்லறைத் தாமதம் எல்லாம் சேர்ந்தாலும் பாடுவதற்குத் தொந்தரவு இருக்காது. அந்த ஐ9 பதின்மூன்றாம் அல்லது பதினான்காம் தலைமுறை என்றால் முதலில் பயாஸை அப்டேட் செய்யுங்கள். அதிக வோல்டேஜால் அவை கெடுவதை 2024இல் இன்டெலே ஒப்புக்கொண்டு, வாரன்டியை இரண்டு ஆண்டு நீட்டியது.

ஃபயர்வயர் என்ற பழைய வகை இணைப்பில் ஓடும் இன்டர்ஃபேஸ் மலிவாக வருகிறதே என்று மட்டும் போகாதீர்கள். நான் போனேன். அதற்கு ஒரு கார்டு, கார்டில் குறிப்பிட்ட கம்பெனியின் சிப், அப்புறம் கைவிடப்பட்ட டிரைவர். இப்போது என் மேசையில் பேப்பர் வெயிட்டாக இருக்கிறது.

சர்ச்சில் கீபோர்டு வாசிக்கிறேன். ‘ஐ7, 16 ஜிபி, புது மெஷின்’ என்று 28,000 ரூபாய் வாங்கினார்கள். விண்டோஸ் 11 ஏறவில்லை. பார்த்தால் ஐ7 4770 என்று காட்டுகிறது. கையில் எஸ்டிமேட் சீட்டு மட்டும். (நாகர்கோவில்)

மனசு கஷ்டமாக இருக்கிறது. 4770 என்பது 2013இல் வந்த நான்காம் தலைமுறை. பழைய ஆபீஸ் மெஷின்களில் கழற்றியதைப் புதுப் போர்டில் பொருத்தி, ‘ஐ7’ என்ற இரண்டு எழுத்தைக் காட்டி விற்கிறார்கள். விண்டோஸ் 11 பட்டியலில் எட்டாம் தலைமுறைக்கு முந்தியவை அனேகமாகக் கிடையாது. விண்டோஸ் 10இன் வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது.

உங்கள் மேல் தவறில்லை, கூச்சப்படாதீர்கள். ‘பில் வேண்டுமென்றால் 18 சதவீதம் கூட’ என்றிருப்பார்கள், தெரிந்த பல்லவிதான். பில் தர மறுப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். டாஸ்க் மேனேஜரில் பிராசஸர் பெயர் தெரியும் திரையைப் படம் எடுங்கள். வாட்ஸ்அப்பில் அவர்கள் ‘புது’ என்று எழுதியது, ஜிபே ரசீது, எஸ்டிமேட் சீட்டு எல்லாம் சாட்சி. கடைக்கு எழுத்தில் கேளுங்கள். மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரை கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு, ஆனால் ஆறப்போடாதீர்கள். என்ன ஆனது என்று எனக்கும் எழுதுங்கள்.

நான்கு ரேம் ஸ்லாட்டில் இரண்டு ரேமை எங்கே போடுவது? (தஞ்சாவூர்)

பிராசஸர் பக்கமிருந்து எண்ணி இரண்டு, நான்கு. பெரும்பாலான போர்டுகளில் இதுதான். பிறகு பயாஸில் ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை ஆன் செய்யுங்கள், இல்லாவிட்டால் காசு கொடுத்த வேகம் கிடைக்காது.

யூடியூப் பார்த்து 14 பொருள் லிஸ்ட் போட்டு எல்லாம் வாங்கிவிட்டேன். ஒரே வார்த்தையில் சரியா, தப்பா? (திருச்சி)

உங்கள் லிஸ்டில் உள்ள பிராசஸர் கூலர் 165 மில்லிமீட்டர் உயரம். உங்கள் கேபினெட் 155 வரைதான் இடம் தரும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வாங்கிய பிறகு ஏன் கேட்கிறீர்கள்?