எங்கள் மருத்துவமனையின் வரைபடம் 2019-இல் மெரோபெனம் (தீவிரத் தொற்றுகளுக்கான ஆன்டிபயாடிக்) பயன்பாடு சரிந்ததாகக் காட்டுவது ஏன்? மருந்தகத்தில் குப்பிகள் முன்போலவே தீர்கின்றன.

பயன்பாடு குறையவில்லை, அளவுகோல்தான் மாறியிருக்கிறது. மெரோபெனம் ஊசிக்கான டிடிடியை (பெரியவருக்கு நாளொன்றுக்கு எனக் கணக்குக்காக வகுத்த அளவு) உலக சுகாதார நிறுவனம் 2019-இல் 2 கிராமிலிருந்து 3 கிராமாக உயர்த்தியது. அதே கிராமை 2-க்குப் பதில் 3-ஆல் வகுப்பதால், 100 படுக்கை நாள்களுக்கு (ஒரு நோயாளி படுக்கையில் இருந்த ஒரு நாள் ஒரு படுக்கை நாள்) 15 டிடிடி என்றிருந்த உங்கள் கோடு அந்த ஆண்டு 10-க்கு விழுகிறது. சரியாக மூன்றில் ஒரு பங்கு குறைவு. மருந்தகத்தில் குப்பிகள் முன்போலவே தீர்கின்றன என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே!

டிடிடியை மறந்துவிட்டு, ஆண்டுவாரியாக வழங்கிய மொத்த கிராமைப் படுக்கை நாள்களால் வகுத்துப் பாருங்கள். 20,000 படுக்கை நாள்களுக்கு 6,000 கிராம் என்றால் பழைய கணக்கில் 15, புதியதில் 10. கிராம் கோடு சமமாக ஓடினால் சிக்கல் இதுதான். பிறகு பழைய ஆண்டுகளையும் 3 கிராம் வைத்தே மறுபடி கணக்கிடுங்கள். பாதியில் அளவுகோலை மாற்றிய வரைபடத்தைக் குழுக்கூட்டத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். பாராட்டிவிட்டுப் போய்விடுவார்கள், அதுதான் ஆபத்து.

மெரோபெனம் மட்டுமல்ல. அதே ஆண்டில் செஃபெபைம் ஊசி 2-இலிருந்து 4 கிராமாகவும், சிப்ரோஃப்ளாக்சசின் ஊசி 0.5-இலிருந்து 0.8 கிராமாகவும், அமாக்சிசிலின் மாத்திரை 1-இலிருந்து 1.5 கிராமாகவும் மாறின. ஆகவே மொத்த ஆன்டிபயாடிக் கோட்டையும் நம்ப வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை: குழந்தைகள் பிரிவை இதில் சேர்க்காதீர்கள், அங்கே எடைக்கேற்ற அளவு என்பதால் டிடிடி பொருந்தாது. 2020-ஐயும் தனியாகப் பாருங்கள். கொரோனாவால் யார் படுக்கையில் இருந்தார்கள் என்பதே மாறிவிட்டது.