பரண்மேல் ஒரு கம்ப்யூட்டர்

கேள்வி: எங்கள் வீட்டுப் பரணில் ரப்பர் பொத்தான் வைத்த பழைய கம்ப்யூட்டர் ஒன்று, நாலைந்து கேசட்டுகளோடு துணிப்பைக்குள் கிடக்கிறது. 'ஸ்பெக்ட்ரம்' என்று போட்டிருக்கிறது. என் கணவர் சின்னப் பையனாக இருந்தபோது அவருடைய தாய்மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்ததாம். தூக்கிப்போடவும் விடமாட்டேன் என்கிறார், எடுத்துப் போட்டுப் பார்க்கவும் மாட்டார். அதில் அப்படி என்னதான் இருக்கிறது? இப்போது ஓடுமா?
– வாசகி, திருத்துறைப்பூண்டி

பதில்: அதில் இருப்பது மிஞ்சிப்போனால் 48 கே.பி. மெமரி. உங்கள் போனில் எடுக்கிற ஒரு போட்டோகூட அதற்குள் அடங்காது. 1982-இல் இங்கிலாந்தின் சின்கிளேர் கம்பெனி வெளியிட்ட மெஷின் அது. டி.வி.தான் திரை, பாட்டுக் கேட்கிற டேப் ரெக்கார்டர்தான் புரோகிராமைச் சேர்த்துவைக்கிற கிட்டங்கி.

மன்னார்குடியில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் நான் எடுபிடியாக இருந்த காலத்தில், ஒரு பையன் இதே மாதிரி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். டி.வி.யில் படம் வரவில்லை. எப்படி வரும்? மெஷின் யு.எச்.எஃப். என்கிற அலைவரிசையின் 36-ஆம் சேனலில் படம் அனுப்புகிறது, அந்த டி.வி. பிடிப்பதோ வி.எச்.எஃப். என்கிற வேறு அலைவரிசையை மட்டும். கடைக்கார அண்ணன், படத்தை சேனல் அலையாக மாற்றி அனுப்புகிற மாடுலேட்டரை ஒதுக்கிவிட்டு, உள்ளேயிருந்து ஒரு வயரை இழுத்து டி.வி.யின் வீடியோ பகுதியிலேயே பற்றவைத்துக் கொடுத்தார்.

அதற்கப்புறம் சாயங்காலமானால் நான் அவன் வீட்டில்தான். ஒரு கேசட் ஏற அஞ்சு நிமிஷம் ஆகும். டேப் 'கீ...' என்று கத்தும், திரையின் ஓரமெல்லாம் கோடு கோடாக ஓடும். முதலில் சிவப்பும் வெளிர் நீலமும், பிறகு நீலமும் மஞ்சளும். இது பின்னாளில் தெரிந்துகொண்டது. கறுப்பு வெள்ளை டி.வி.யில் நாங்கள் பார்த்ததெல்லாம் சாம்பல்தான்.

அவன் நில அளவைக்கு ஒரு புரோகிராம் எழுதினான். மா கணக்கைக் கொடுத்தால் ஏக்கரும் வேலியும் சொல்லும். "மூணு மா ஒரு ஏக்கர், இருபது மா ஒரு வேலி. இதுக்கு எதுக்குடா பொட்டி?" என்று அவன் தாத்தா திண்ணையிலிருந்து கேட்பார். குறுவைக்கு நாற்று விட்டிருந்த சமயம். மும்முனைக் கரண்ட் வந்ததும் ஊர் மோட்டாரெல்லாம் ஒன்றாகக் கிளம்பும். பல்பு மங்கும். அவ்வளவுதான், மெஷின் எல்லாவற்றையும் மறந்துவிட்டு சின்கிளேர் பெயரை மட்டும் காட்டிக்கொண்டு நிற்கும். அவன் ஒன்றும் பேசாமல் முதல் வரியிலிருந்து மறுபடி அடிப்பான்.

உங்கள் கணவர் ஏன் போட்டுப் பார்ப்பதில்லை என்று எனக்குப் புரிகிற மாதிரி இருக்கிறது. பரணில் இருக்கிறவரைக்கும் அது ஓடுகிற மெஷின்.

ஓடுமா என்றால், ஓட வைக்கலாம். ஆனால் கையில் கிடைத்த அடாப்டரைச் செருகிவிடாதீர்கள். இதற்கு 9 வோல்ட், பின்னின் நடுவில் நெகட்டிவ் வரவேண்டும். இன்றைய அடாப்டர்கள் பெரும்பாலும் நடுவில் பாசிட்டிவ். மாற்றிக் கொடுத்தால் உள்ளே புகைந்துவிடும். உள்ளே மின்சாரத்தைத் தேக்கிவைக்கிற எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்களைப் புதிதாக மாற்றும்படி மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். ரப்பர் பொத்தானுக்கு அடியிலுள்ள பிளாஸ்டிக் தாள் நம் ஊர் வெயிலுக்கு நொறுங்கியிருக்கும். அது புதிதாகவே கிடைக்கிறது.

அதற்கெல்லாம் முன்னால் கேசட்டுகளை எடுங்கள். நாடாவில் பூஞ்சை பூத்திருந்தால் ஓட்டாமல் மெக்கானிக்கிடம் கொடுங்கள். சுத்தமாக இருந்தால் சாதாரண டேப்பில் போட்டுக் கேளுங்கள். கத்தல் ஆரம்பிக்கும் முன் புரோகிராமின் பெயரை வாயால் சொல்லிப் பதிவு செய்வது அப்போது எங்கள் வழக்கம். உங்கள் கணவரின் பன்னிரண்டு வயதுக் குரல் அதில் இருந்தாலும் இருக்கும். கை தவறி அழித்துவிடாமலிருக்க, கேசட்டின் பின்பக்கத்திலுள்ள இரண்டு காதுகளையும் ஒடித்துவிட்டுப் போடுங்கள்.